நான் கறுப்படித்த நாலு இடங்கள்

ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு பாடம் எடுத்தவன் நான். எங்கள் தீவில் குட்வில் எஸ்டேட் பக்கம் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்குப் போனை நீட்டுகிறவர்கள், கேட்பதற்கு முன்பே பூட்டுத் திறக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்வார்கள். கடையில் நிற்கிற நாலு பேருக்கும் கேட்கும். மெதுவாகச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினால் சிரிப்பார்கள். எங்களிடம் திருட என்ன இருக்கிறது என்று, தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஆப் எதைக் கேட்டாலும் 'சரி' என்று அமுக்கிவிடுகிற இந்த ஜனங்களை எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் உரித்துத் தின்னட்டும் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவர்களைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்பு இங்கே நெட் என்பது காத்துக் கிடந்து வாங்குகிற பொருள். யார் போனில் கிடைக்கிறதோ, அவரே எல்லோருக்காகவும் பரீட்சை ரிசல்ட் பார்ப்பார், படிவம் நிரப்புவார், அனுப்புவார். அதற்காக ஆதார் அட்டை, தீவுக்காரர் என்பதற்கான ஐலேண்டர் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எல்லாவற்றையும் படம் பிடித்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் பழகினோம். நெட் வேகமாகிவிட்டது. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. கப்பல் குரூப். ஆரம்பித்தவனும் அட்மினும் நான்தான். கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு, சென்னைப் பக்கம், போகிற கப்பலில் இடம் கிடைக்காதவர் அதில் கேட்பார். பயணத்தை ரத்து செய்கிறவர் எப்போது கவுன்டருக்குப் போகிறார் என்று சொல்வார். கேட்டவர் பின்னாலேயே போய் நின்று அந்த இடத்தை வாங்கிக்கொள்வார். பத்துப் பேர் கேட்டால் யாருக்கு முதலில்? அதற்கு ஆதாரம் வேண்டும். சாவுக்குப் போகிறவர் சேதி வந்ததைக் காட்டுவார், வைத்தியத்துக்குப் போகிறவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் கொடுத்த ரெஃபரல் தாளைப் போடுவார். தாள் போடாதவருக்குப் பங்க், அதாவது கப்பலில் படுக்கை, கிடைக்காது. இந்த விதியை எழுதியவனும் நான்தான்.

டெலானிபூர் வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அம்மா அப்பா போன பிறகு அவள் ஹாலில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பதினொரு பிள்ளைகள். அந்தச் சத்தம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. ஒரு வருஷமாக அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. போர்டில் எழுதிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். இங்கே ஆஸ்பத்திரியில் காட்டினோம், சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். மூடிய விமானத்தில் மூச்சு முட்டும் என்றாள், அதனால் கப்பல். பிள்ளைகளின் அம்மாக்களிடம் மதுரையில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவைத்தாள். தெரிந்தால் ஒரு பிள்ளையும் வராது என்பது அவள் பயம். "நமக்குள்ளயே இருக்கட்டும் அண்ணே" என்றாள். சத்தியமே செய்தேன்.

டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் ரெஃபரல் தாளைப் படம் எடுத்தேன். சும்மா போடுவேனா? ஊருக்கே பாடம் எடுத்தவன் ஆயிற்றே. ஆதார் எண், போன் நம்பர், முகவரி, பிறந்த தேதி, நாலையும் கறுப்படித்தேன். படத்தில் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பைக்கூட நீக்கினேன். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு ஒரு துரும்பும் கிடைக்காது என்று திருப்தியாக அனுப்பினேன். அவள் பெயரும் அதற்குக் கீழே 'மனநலப் பிரிவு' என்பதும் மாத்திரைகளின் பட்டியலும் பளிச்சென்று இருந்தன. அதெல்லாம் திருடன் கேட்கிற தகவல் இல்லையே. என் கண்ணில் படவே இல்லை.

அரை மணி நேரத்தில் இரண்டு பங்க் கிடைத்தது. லம்பா லைன் பகுதியில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் பயணத்தையே தள்ளிப் போட்டது. முகம் தெரியாதவர்கள். நல்லவர்கள். இன்றைக்கும் எனக்கு ஆறாதது இதுதான், கெட்டவர்கள் யாருமே இதில் இல்லை.

மறுநாள் காலை கப்பல் ஏறினோம். நடுக்கடலில் டவர் கிடையாது. அந்த நாட்களில் அவள் தளத்தில் நின்று கடலைப் பார்த்தாள், இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். சரியாகிவிடும் என்று நம்பினேன். சென்னை நெருங்கியதும் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியது. அவள் போனும்தான். கும்பிடு போட்ட கைகள், ரோஜாப் பூக்கள், இதயங்கள். ஒரு பிள்ளையின் அம்மா, போன ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து என் தங்கையின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, எங்கள் டீச்சருக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். கப்பல் குரூப்பிலிருந்து காலனி குரூப்புக்கு, அங்கிருந்து டியூஷன் குரூப்புக்கு அந்தத் தாள் போயிருக்கிறது. போன இடத்தில் எல்லாம் அக்கறையோடுதான் போயிருக்கிறது.

அவள் என் போனை வாங்கி, நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நம்பரையெல்லாம் நல்லா மறைச்சிருக்கே அண்ணே" என்றாள். "என்னை மறைக்கலையே."

அழித்தேன். என் குரூப்பில் மட்டும் அழிந்தது.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஊர் திரும்பினோம். டியூஷன் தொடங்குகிற நாளில் பாய் விரித்து, போர்டைத் துடைத்து வைத்தாள். இரண்டு பிள்ளைகள் வந்தன. அடுத்த வாரம் அதுவும் இல்லை. எதிர்வீட்டு வங்காளி அம்மா தட்டு நிறைய இனிப்போடு வந்து அவள் தலையைத் தடவினார். "தும் பெஹ்லே ஆராம் கரோ பேட்டி, பச்சா லோக் பாத் மே ஆயேகா" என்றார். முதலில் ஓய்வெடு மகளே, பிள்ளைகள் பிறகு வருவார்கள். அவருடைய மகன் அப்போதே வேறொரு டியூஷனில் சேர்ந்துவிட்டான். எனக்குத் தட்டை விசிறி எறியத் தோன்றியது. எறிய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கப்பல் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அது நான் இல்லாமலே நடக்கிறது. இப்போதும் தாள்கள் போடுகிறார்களாம், சிலர் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எண்களைக் கறுப்படிக்கிறார்களாம்.

தங்கையின் போனுக்குப் பூட்டு எண் நான் போட்டுக் கொடுத்ததுதான், என் பிறந்த நாள். அவள் மாற்றிவிட்டாள். மெயிலுக்கும் இரட்டைப் பூட்டு போட்டுக்கொண்டாள், என்னிடம் கேட்காமல். நான் எடுத்த பாடத்தை ஒழுங்காகக் கற்றவள் அவள் ஒருத்திதான்.

சென்னையில் மறு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்த மாதம் வந்தது. டிக்கெட் பற்றிப் பேச்செடுக்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கவுன்டரில் தானே போய் நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறாள். எங்கே என்று கேட்டேன்.

"மதுரைல ஒரு கல்யாணம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.