மூடி என்னிடம் இருக்கிறது

ஈப்போ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, வீரய்யா அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, அண்ணே இன்னும் எந்திரிக்கல. எழுப்பிப் பாத்துட்டேன். கொஞ்சம் வாரியா?" என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். நான் போவதற்குள் பக்கத்து வீட்டார் கூடத்தை ஒழித்து, சாமி படங்களைத் துணியால் மூடியிருந்தார்கள். வீரய்யா அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பிஸ்கட் கம்பெனி வேனை அவர் ஓட்டுவார், விற்பனை என்னுடையது. சுங்காய், ஆயர் தாவார் பக்கத்து மளிகைக் கடைகளுக்கெல்லாம் நாங்கள்தான் சரக்குப் போட்டோம். வழியில் பழைய இரும்புக் கடையைக் கண்டால் போதும், வேன் ஓரம் கட்டிவிடும். குவியலில் கைவிட்டு, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரமாகத் தேடி எடுப்பார். விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் ஒரு பெயரும் அவர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். பெயரில்லாத பாத்திரம் எவ்வளவு பளபளத்தாலும் தொடமாட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனபோது, கல்யாணச் சீராக வந்த குண்டான்களுக்கும் தூக்குவாளிகளுக்கும் அந்தச் சமையலறைகளில் இடமிருக்கவில்லை. எடைக்குப் போட்டுவிட்டார்கள். அண்ணன் அவற்றை எடைக்கே வாங்கினார்.

அவர் வீட்டுப் பின்னறை முழுக்க அவரே அடித்த பலகைத் தட்டுகள். ஒரு தோட்டத்துப் பாத்திரங்கள் ஒரே தட்டில்தான் இருக்கும். நான் ஒருநாள் ஒரு செம்பை இடம் மாற்றி வைத்துவிட்டேன். "அந்தம்மா ஆத்துமேட்டுத் தோட்டம்லா. அடுத்த வீட்டு ஆளுங்கள பிரிச்சு வைக்காத தம்பி" என்றார். இன்னொரு நாள், அங்கிருந்த லோட்டாவில் தேநீர் ஊற்றப் போனேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பேரு போட்டிருக்குல்ல? அவங்களக் கேக்காம எடுக்கலாமா?" என்றார் சிரிக்காமல். நாங்கள்தான் சிரித்தோம். மியூசியத்துக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டு அவரைக் கிண்டல் செய்யாதவர்கள், அவர் காரியத்துக்கு வந்த நம்மில் யாருமில்லை. பாக்கியம் அக்கா எல்லாருக்கும் மேலே. "பாத்திரக் கடைக்காரனக் கட்டியிருந்தா வித்தாவது சோறு போட்டிருப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவர் வாழ்க்கையில் மிகவும் மகிழ்ந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், மகள் கல்யாணத்தைச் சொல்ல மாட்டேன். ஆயர் தாவாரில் ஒரு குண்டான் கிடைத்திருந்தது. 'மு. ஜீவரத்தினம், ஆத்துமேட்டுத் தோட்டம்.' அதற்கு மூடி இல்லை. சில வருஷம் கழித்து, ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சீனக் கிழவர் பழைய பொத்தான்களைக் குவித்து வைத்திருந்த தட்டை அண்ணன் குனிந்து பார்த்தார். தட்டல்ல, அது ஒரு மூடி. அதே பெயர், அதே தோட்டம். "இதோட கூட்டாளி எங்க வீட்டுல இருக்கு" என்று மலாயில் சொல்லி வாங்கினார். வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார். குண்டானின் மேல் வைத்ததும் மூடி சரியாக உட்கார்ந்தது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "உக்காந்துருச்சி பாத்தியா" என்று என்னிடமும் அக்காவிடமும் மாறி மாறிச் சொன்னார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். அதனால் அடுத்து எழுதுவதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று சமையல் கட்டு என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கூப்பிடாத வீட்டிலும் பந்தி விசாரிக்கிற ஆள் நான், உங்களுக்குத் தெரியும். மதியம் நல்ல மழை. எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பாரும் பாயசமும் அப்படியே நின்றன. வீட்டுக்குக் கொண்டுபோகத் தாப்பாவ் கட்டிக் கொடுக்கலாம் என்றால் பிளாஸ்டிக் டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டைக் கொட்டக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் தலையில் இருந்தது. பின்னறைக்குப் போனேன். பலகைகள் காலியாகும் வரை பாத்திரங்களைக் கை நிறைய அள்ளி வந்து, ஊற்றி ஊற்றி, "கொண்டு போங்க, கொண்டு போங்க" என்று உங்கள் கைகளில் திணித்தேன். நிரம்பப் பெருமையாகவும் இருந்தது.

நம் வீடுகளில் காரியத்தன்று இறந்தவர் ஞாபகமாக எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது வழக்கமாயிற்றே. நீங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள். சிலர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பாக்கியம் அக்கா விளக்கோடு பின்னறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பலகைகளில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "வாய் ஓயாம அவர ஏசுவேன். ஆனா நான் இதுலேர்ந்து ஒரு கரண்டிகூட எடுத்ததில்ல தம்பி" என்றார். பிறகு விளக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். சுங்காயில் உள்ள ஓர் அம்மாதான் முதலில் எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அண்ணே நெனப்பா குடுத்தீங்கல்ல, அந்தச் செம்ப சாமி மேடையில வச்சிருக்கேன். தெனமும் அதுலதான் பால் வைக்கிறேன்." இறந்தவர் பெயரால் கொடுத்ததை எந்த வாயால் திரும்பக் கேட்பது? நல்லா இருங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு யாரையும் அழைக்கவில்லை.

உங்களை அழைத்துப் பேசத் தைரியமில்லாமல்தான் இதை எழுதுகிறேன். பாத்திரங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. விளிம்பைத் தடவி, அங்கே வெட்டியிருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். பின்னறைப் பலகைகளை அக்கா இன்னும் கழற்றவில்லை.

அண்ணனின் பொருளாக என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஜீவரத்தினத்தின் குண்டானில் பாயசம் ஊற்றி யாரிடமோ கொடுத்தேன். காரில் தளும்பும் என்று மூடியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கால் வாயைக் கட்டினேன். யாருக்குக் கொடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மூடியைக் குழாயடியில் கண்டெடுத்தேன். இப்போது அது என் வீட்டு மேசை மேல் கிடக்கிறது. அதைத் தாண்டாமல் என்னால் தண்ணீர்கூடக் குடிக்க முடிவதில்லை.

குண்டான் உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், மூடியை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.