கெட்டதுதான் வரும் என்று சொன்னவர்

என் வீட்டுக்காரர் கல்லூரியில் விஞ்ஞானத்தின் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகள் ஒன்றை நம்பினால், எதை வைத்து நம்புகிறார்கள் என்று குடைகிறவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'எப்படித் தெரியும்'. பால்காரரைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன வரும் என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், அதில் நம் ஆசை கலக்கவே கூடாது. இதுதான் அவர் கொள்கை. பார்த்த பிறகு ஆமாம் போடுவது யாராலும் முடியுமாம். வீட்டிலும் இதே கூத்து. ஜன்னலைத் திறக்குமுன் மழையா வெயிலா, மூடியைத் தூக்குமுன் உருளைக்கிழங்கு வெந்ததா வேகவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு கணிப்பு. முக்கால்வாசி தப்பாகத்தான் போகும். "தப்புன்னு தெரிஞ்சா சந்தோஷப்படணும்" என்று வகுப்பில் முழங்குகிற மனிதர், உருளைக்கிழங்கிடம் தோற்றுவிட்டுச் சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்.

ஒரு நாள் என் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. கொஞ்சம் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வாங்கப் போன காலையில் ஒரே பனிமூட்டம். ஆஸ்பத்திரி வராண்டாவில் கண்ணாடி முழுக்க வெள்ளை. திரைச்சீலைகள் மூச்சுவிடுவதுபோல அசைந்தன. சக்கரக் கட்டில்கள் சத்தமில்லாமல் மிதந்து போயின. அவர் தோளில் சாய்ந்திருந்தேன். தூங்கினேனா விழித்திருந்தேனா, எனக்கே தெரியவில்லை. பயம்கூட அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்டது.

"என்ன வரும், சொல்லுங்க" என்றேன். பழக்கதோஷம்.

"கெட்டதுதான் வரும்."

வந்ததே எனக்குக் கோபம்! கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? "உங்க தத்துவத்துல தீயை வைக்க" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அவர் குனிந்து கால்சட்டை மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான்."

வெளியே வந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வழியில் போன நர்ஸ் நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொண்டு என் கையைத் தடவிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. "எதை வெச்சுங்க அப்படிச் சொன்னீங்க? டாக்டர் முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை."

"பின்னே?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது என்னைக்குடி பலிச்சிருக்கு? அதான்... கெட்டதுன்னு சொல்லி வெச்சேன்."