அச்சில் வந்த தெரு

கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போஸ்டர் அக்கா படித்துக்கொண்டிருக்கிறார். இயந்திரத்தின் வாயிலிருந்து தாள் இறங்க இறங்க, எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் வரும். முதலில் தலைப்பு, பிறகு ஆய்வு செய்தவர்களின் பெயர்கள், அப்புறம் பெட்டி பெட்டியாக விஷயம். பதினோரு வருடத்தில் அவருக்குத் தலைகீழே பழகிவிட்டது. "நேரா குடுத்தாத்தான் இப்பல்லாம் எனக்குத் தடுமாறுது" என்பார்.

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஆராய்ச்சியாளர்கள் மாநாடுகளில் மாட்டும் பெரிய போஸ்டர்களை அச்சடிக்கும் இடம். சுவரோரமாக ஆளுயரத் தாள் சுருள்கள், அலமாரியில் நாலு நிற மைப்பெட்டிகள், நீண்ட மேசை, அதன்மேல் வெட்டுக்கத்தியும் இரும்பு அளவுகோலும். மாநாட்டுக்குப் போகிறவர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் இந்தப் படியிறங்கி வந்துதான் ஆக வேண்டும். மேலே ஒன்றோடொன்று பேசாத துறைகளெல்லாம் கீழே அக்காவின் மேசையில் அடுத்தடுத்துச் சுருண்டு படுத்திருக்கும். சூரியத் தகட்டில் படியும் தூசி, வௌவாலின் காது, வேலை போன ஆண்களின் தூக்கம், மாட்டின் ஏப்பம், முறிந்த எலும்புக்குள் வைக்கும் பசை.

"நான் ஸ்கூலோட நின்னவ. ஆனா எல்லா டிபார்ட்மென்டும் என் கை பட்டுத்தான் வெளிய போகுது" என்று சொல்லும்போது முகத்தில் பெருமை தெரியும். அது வெறும் பேச்சில்லை. ஒருமுறை பொறியியல் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, "சார், இந்த வட்டத்துல இருக்கறதையெல்லாம் கூட்டினா நூத்தி மூணு சதவீதம் வருது, பரவாயில்லையா?" என்று கேட்டார். பேராசிரியர் வந்த வேகத்தில் படியேறிப் போனார்.

படித்ததை அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போவதில்லை. மின்சாரத்தைப் பற்றிய ஆய்வைப் பார்த்த அன்று வீட்டுக் குளிர்பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். உட்கார்ந்தே இருப்பதன் கெடுதலைப் படித்துவிட்டு ஒரு மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டார். தனிமையில் வாடும் முதியவர்களைப் பற்றிய போஸ்டர் வந்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் மாமியாருக்குப் போன் போட ஆரம்பித்தார். மாமியார் பயந்துபோய் மகனிடம், "என்னடா, உங்க வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று விசாரித்தார். கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எந்த ஆராய்ச்சி நம்ம வீட்டுக்கு வந்திருக்கு?" என்பது அவர் வழக்கம்.

கீழ்வீட்டில் இருக்கும் தங்கைக்கும் இந்த அறிவுரைகளில் பங்கு உண்டு. அவளுக்குக் குழந்தை பிறந்து தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கலக்க வேண்டி வந்தபோது, கிருமிகளைப் பற்றி அச்சடித்த ஒரு போஸ்டரை நினைவில் வைத்து அக்காதான் சொன்னார்: "தண்ணியைச் சும்மா சுட வெக்காதே. பதினஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும்." தங்கை கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்க வைத்தாள்.

சென்ற ஆண்டு ஒரு மதியம் நடந்ததை அவர் வேறு யாருடைய கதையோ போலத்தான் சொல்வார். அன்று வரிசையில் ஏழு போஸ்டர்கள். ஐந்தாவது, குடிநீரில் கலக்கும் ஈயத்தைப் பற்றியது. பழைய கட்டிடங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஈயக் குழாய்கள், முப்பத்திரண்டு கட்டிடங்கள், குழந்தைகளின் மூளை வளர்ச்சி என்று பெட்டி பெட்டியாக இறங்கியது. அப்புறம் ஒரு வரைபடம். தெருப்பெயர் எதுவும் இல்லாத சாம்பல் நிறக் கோடுகள்மேல் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் ஆறு சிவப்புப் புள்ளிகள் கொத்தாக நின்றன.

"ஐயோ பாவம், யார் வீட்டுப் புள்ளைங்களோ" என்று தாளிடமே சொன்னார்.

வெட்டி எடுத்து, மேசையில் விரித்து, நேராகத் திருப்பினார். திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. ரயில் பாதை கொக்கிபோல வளைகிறது. வளைவுக்குள் வட்டமாக ஒரு பூங்கா. பூங்காவுக்கு எதிரே ஆறு கட்டிடங்கள். மூன்றாவது கட்டிடத்தின்மேல் இருந்த புள்ளிதான் எல்லாவற்றிலும் அடர்ந்த சிவப்பு. அந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில்தான் அன்று காலை அவர் பல் துலக்கினார்.

மாதிரி எடுத்த மாதத்தைத் தேடினார். எட்டு மாதத்துக்கு முன். இரண்டு பேர் வெள்ளைக் குப்பிகளோடு வந்ததும், "ராத்திரி குழாயைத் திறக்காம வெச்சிருந்து, காலையில வர்ற முதல் தண்ணியைப் பிடிச்சுக் குடுங்க" என்றதும், ஆராய்ச்சி என்றவுடன் தாமே முன்னால் போய்ப் பிடித்துக் கொடுத்ததும் ஞாபகம் வந்தன. கண் கடைசிப் பெட்டிக்குப் போனது. கொதிக்க வைப்பதால் ஈயம் நீங்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும்.

அடித்தளத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. எப்படிப் படியேறினார் என்று அவருக்கு இன்றுவரை நினைவில்லை. ஒரு செருப்பு கீழேயே கிடந்ததை அப்புறம்தான் பார்த்தார்.

"பாப்பா என்ன பண்றா?"

"இப்பத்தான் பால் கலக்கினேன். ஏன்க்கா மூச்சு வாங்குது உனக்கு?"

"குடுக்காதே. பாட்டிலைக் கீழ வை. முதல்ல கீழ வை!"

"என்னக்கா ஆச்சு? கொதிக்க வெச்ச தண்ணிதான். பதினஞ்சு நிமிஷம், நீ சொன்ன மாதிரியே."

நூலக வாசலில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். குழந்தை பசியில் அழுவது போனில் கேட்டது. "கடைக்குப் போய் பாட்டில் தண்ணி வாங்கு. குழாய்த் தண்ணி ஒரு சொட்டு வேண்டாம். நான் வந்து சொல்றேன்" என்று அக்கா போனை வைத்தார்.

திரும்பிக் கீழே வந்தபோது அந்தப் போஸ்டருக்குச் சொந்தக்காரியான ஆராய்ச்சி மாணவி காத்திருந்தாள். தோளில் தாள் வைக்கும் குழல், கையில் ரசீது. "அக்கா, ரெடியா? காலையில ஃப்ளைட்."

அக்கா போஸ்டரைச் சுருட்டவில்லை. அந்தச் சிவப்பின்மேல் விரலை வைத்தார். "இது யார் வீடுன்னு தெரியுமா?"

"அது வெளிய சொல்லக் கூடாதுக்கா. அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் தெருப்பேரையே எடுத்துட்டோம்."

"இது நான். இதுக்குக் கீழ்வீட்ல என் தங்கச்சி. அவளுக்கு அஞ்சு மாசக் குழந்தை."

மாணவி தோளிலிருந்த குழலை இறக்கி வைத்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவள் அவளில்லை. அவளிடம் வந்தவை எண்கள் மட்டும். அந்தத் தெருவை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "லெட்டர் அனுப்புறதாத்தான் இருந்தோம். ரிசல்ட்டை இன்னொரு தடவை சரிபார்க்கணும், பத்திரிகைக்காரங்க கட்டுரையை ஏத்துக்கணும், அப்புறம் கமிட்டி..." பாதியில் நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வருவதைத் தானே அப்போதுதான் கேட்டவள்போல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் போஸ்டர் கடல் தாண்டிப் போகுது. எங்க வீடு இங்கிருந்து ரெண்டு பஸ் ஸ்டாப். எட்டு மாசமாம்மா?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அந்த மாணவி பின்னால் சொன்னாளாம்.

பிறகு அக்கா பதினோரு வருடத்தில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் இன்னொரு பிரதி போட்டார். மாணவி தடுக்கவில்லை. அக்கா அளவுகோலை வைத்து முன்னுரை, செய்முறை, நன்றியுரை எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். வரைபடமும் கடைசிப் பெட்டியும் மிஞ்சின. "இதுக்கு மேல எங்க ஆளுங்களுக்கு என்ன வேணும்?" என்றார். மாணவி மார்க்கரை வாங்கி, நீக்கியிருந்த தெருப்பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். இருவரும் பேருந்தில் போய், மூன்றாவது கட்டிடத்தின் கீழே, தபால் பெட்டிகளுக்குமேல் அதை ஒட்டினார்கள். ஆறு கட்டிடங்களிலும் கதவு கதவாகத் தட்டினார்கள். மறுநாள் மாணவி விமானம் ஏறவில்லை. குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள்.

தங்கை சண்டை போடவில்லை. "நீதானேக்கா சொன்னே" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. "இருக்கவே கூடாது. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை பார்த்துட்டே இருப்போம்" என்றார் மருத்துவர். இரண்டாவது சோதனையில் அளவு பாதியாக இறங்கியிருந்தது. தெருவைத் தோண்டிப் பழைய குழாய்களை எடுத்துவிட்டார்கள். குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அது ஒரு சொல்லைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னாலும் அக்கா ரத்தப் பரிசோதனைச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்.

ஆராய்ச்சிமேல் அவருக்கு வெறுப்பு வந்துவிடவில்லை. "அவங்க கண்டுபிடிக்கலன்னா எங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்கிறார். ஆனால் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார். கணவர் இப்போது வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சென்ற வாரம் மருத்துவத் துறையிலிருந்து ஒருவர் பென்டிரைவோடு வந்தார். அவசரக்காரர், வழியிலேயே இரண்டு முறை கடிகாரம் பார்த்திருப்பார். இரவுக் காவலாளிகள் நாற்பது பேரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்த ஆய்வு. அக்கா கோப்பைத் திறந்து திரையில் பார்த்தார். ஏழு கோடுகள் மட்டும், 'உடனே சிகிச்சை தேவை' என்ற குறிப்போடு, சிவப்பில் இருந்தன.

"சார், இந்த ஏழு பேருக்கும் தெரியுமா?"

"தெரியப்படுத்துவோம்மா. மாநாடு முடியட்டும். நீங்க பிரின்ட் போடுங்க."

பச்சைப் பொத்தான்மேல் இருந்த விரலை அக்கா எடுத்துக்கொண்டார். அந்த மதியத்துக்குப் பிறகு கேட்டு வாங்கி மேசை மூலையில் வைத்திருந்த தொலைபேசியைத் தூக்கி வந்து, தூசியை முந்தானையால் துடைத்து, அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.