மாடி வீட்டுக் காஷ்மீரி

எங்கள் மாடியில் குடியிருக்கும் காஷ்மீர்க்காரருக்குக் கோயில் பக்கம் சால்வைக் கடை. பதினைந்து வருடமாக மதுரை. காளவாசல் நெரிசலைத் திட்டுவதில் எனக்குச் சளைத்தவர் இல்லை. ஆனாலும் அவர்கள் பேசுவது இந்தி என்றே தெரு சாதிக்கும். காஷ்மீரி தனி மொழி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நாங்கள் சௌராஷ்டிரர்கள், எங்களுக்கும் தனி மொழி. “வீட்டுல தெலுங்கா பேசுறீங்க?” என்று ஆயுள் முழுக்கக் கேட்கப்பட்டவனுக்கு எரிச்சல் வராதா?

அவர் வீட்டில் உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர் தருவார்கள். கோப்பை காலியானால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் காதில் விழாது. அதைக் குடித்தபடியே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பனிக்கு ஷீன். அம்மாவுக்கு மோஜ். சோற்றுக்கு பத்தெ, எங்கள் பேச்சில் அது பாத். நம்மைப் போலவே சோறில்லாமல் ஆகாத ஜனம். குளிருக்குத் தணல் போட்ட சட்டியை நீள அங்கிக்குள் பிடித்துக்கொண்டே நடப்பார்களாம். கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாம் சரி, அவருடைய ஆறு வயது மகளுக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது. வீட்டில் அவளிடம் உருது, தெருவில் தமிழ். அங்கேகூட, படித்த குடும்பங்கள் பல இப்படித்தானாம். சாயங்காலம் ஊரிலிருந்து அவருடைய அம்மா வீடியோவில் வருவார். பாட்டிக்குக் காஷ்மீரி மட்டும்தான் தெரியும். கொட்டும் பனியைக் காட்டி ஏதோ கேட்பார், பிள்ளை முழிக்கும். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிடும். கோடை விடுமுறைக்கு அங்கே போகிறார்கள். ஒரு மாதம் பாட்டியும் பேத்தியும் என்னதான் பேசிக்கொள்வார்கள்?

ஒருநாள் தேநீர் நேரத்தில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஏம்ப்பா, சொந்த பாஷையப் பிள்ளைக்குச் சொல்லித் தராம அப்படி என்னத்த வெட்டி முறிக்கிறீங்க?”

“ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுன்னுதாண்ணே. அது தானா வந்துரும்.”

தானாக வர அது என்ன சளியா? பாதிக் கோப்பையை வைத்துவிட்டு இறங்கினேன். எங்கள் வாசலில் நின்று மகளைச் சௌராஷ்டிரத்தில் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

வெளியே வந்தாள். “என்னப்பா கத்துறீங்க? எதுனாலும் தமிழ்ல சொல்லுங்களேன்.”

அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது, பிள்ளை குழம்பிவிடும், வீட்டில் தமிழே போதும் என்று அவள் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னவன் நான்தான்.

பின்னால் காலடிச் சத்தம். நான் வைத்துவிட்டு வந்த கோப்பையை நிரப்பி எடுத்துக்கொண்டு அவர் படியில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். கோப்பையை நீட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.