வச்சலா தொடாத மீன்

கடப்பாக்கம் குப்பத்தில் கட்டுமரம் கரையில் ஒதுங்கியதும் மீன் ஆண்களின் கையை விட்டுப் போய்விடும். அதற்குமேல் அது பெண்களின் சரக்கு. விலை பேசுவதும், தலையில் சுமந்து ஊர் ஊராக விற்பதும், மிஞ்சியதை உப்பிட்டுக் காயவைப்பதும் அவர்கள் பாடு. ஆண் ஒருவன் கூடையைத் தூக்கினால் குப்பமே சிரிக்கும். அந்தக் கரையில் வச்சலாவின் வாய்க்கு மதிப்பு அதிகம். செவுளை விரித்துப் பார்த்து அவள் ஒரு விலை சொன்னால், சைக்கிளில் வரும் வியாபாரிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் அவள் மூன்றாவது முறையாக உண்டானாள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், பிழைத்ததே பெரிதாக இருந்தது. செங்கல்பட்டில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, "இன்னொரு பிரசவத்தை உன் உடம்பு தாங்காது. கலைக்க இப்போ சட்டமே இருக்கு, பயப்படாதே" என்றார்.

புருஷன் தணிகைவேல் கூட வந்தான். "நீ உள்ள போ. நான் இங்கயேதான் குந்திகினு இருப்பேன்" என்று வாசல் பெஞ்சைக் காட்டினான்.

மத்தியானம் அவள் கண்விழித்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. டீ குடிக்கப் போனதாக ஆயா சொன்னாள். வெகுநேரம் ஆகியும் அவன் வரவில்லை.

"மயக்க ஊசி போட்டிருக்கு. பஸ்ல தலை சுத்தி விழுந்தா யார் தூக்குவா? கூட ஆள் இல்லாம அனுப்ப மாட்டேன்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மருமகளுக்குச் சோறு கொண்டுவந்திருந்தார் மதுராந்தகத்து ஜெய்புன்னிசா. "கோடு போட்ட சட்டையா? நெத்தியில தழும்பு?" என்று கேட்டார். "மதுராந்தகம் பஸ்ஸு எதுன்னு எங்கிட்டதான் கேட்டாரும்மா. ஓடிப்போய்த் தொத்திகினு போயிட்டாரு."

வச்சலாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. நெத்திலி கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வரும் பருவம் அது. கரு கலைந்த பெண்ணோடு இருந்தவனுக்குத் தீட்டு. தீட்டுக் கழியும்வரை கட்டுமரத்தில் கால் வைக்கக்கூடாது என்பது குப்பத்தின் கட்டுப்பாடு. கண்ணால் பார்க்காத தீட்டு ஒட்டாது என்று கணக்குப் போட்டு ஓடியிருக்கிறான்.

"நான் கொண்டுபோய் வுடறேன் டாக்டரம்மா" என்று ஜெய்புன்னிசா எழுந்தார். "இவ தனியாப் போய் வழியில வுழுந்தா எனக்குத் தூக்கம் வராது."

டாக்டரம்மா இருவரிடமும் சொல்லி அனுப்பினார். துணி அடிக்கடி முழுசாக நனைந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் வரவேண்டும். கொஞ்சநாள் கனம் தூக்கக்கூடாது.

பஸ்ஸில் பின்சீட்டுதான் காலியாக இருந்தது. ஜெய்புன்னிசா கண்டக்டரைக் கூப்பிட்டார். "உடம்பு சரியில்லாத பொண்ணுப்பா. சக்கரத்துமேல குந்தவச்சுக் குலுக்கினா நல்லாவா இருக்கும்? முன்னால ஒரு ஆம்பளய எழுப்பு." ஒருவர் முனகிக்கொண்டே எழுந்தார். படாளம் தாண்டும்போது வச்சலாவுக்குக் கண் இருட்டியது. ஜெய்புன்னிசா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மதுராந்தகத்தில் இறங்கியதும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தெரிந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்த் துணியைப் பார்க்கச் சொன்னார். ரத்தம் கொஞ்சமாகத்தான் இருந்தது. சோடா வாங்கிக் கொடுத்துக் கடப்பாக்கம் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினார்.

"வூட்டுக்குப் போனதும் அவன என்ன பண்றேன் பாருங்க" என்றாள் வச்சலா.

"திட்டாதே. திட்டினா அதோட ஆறிப்போயிடும்."

அந்த வார்த்தையை வச்சலா மறக்கவில்லை.

கூட மீன் விற்கும் குப்பம்மா அவளைத் தன் வீட்டிலேயே படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றினாள். காய்ச்சல் வரவில்லை. தணிகைவேல் மறுநாளே கடலுக்குப் போனான். அவன் மீனைக் குப்பம்மாதான் விற்றாள். ஒருநாள் வாசலில் நின்று, "நல்லாதான கீற?" என்று கேட்டான். வச்சலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறிய பிறகு ஒரு காலையில் அவள் கரைக்குப் போனாள். தணிகைவேலும் கூட்டாளி மூர்த்தியும் வலை நிறைய நெத்திலியோடு வந்திறங்கினார்கள்.

"வா, வா. இன்னா மீன்பாடு பாத்தியா" என்று தணிகைவேல் சிரித்தான்.

வச்சலா கூடையைக் கீழே வைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இது தீட்டு வூட்டு மீனு. எனக்குக் கரு கலைஞ்ச மறுநாளே இவரு கட்டுமரம் ஏறினாரு. தீட்டுக்குப் பயந்து என்ன ஆஸ்பத்திரியில வுட்டுட்டு ஓடியாந்தவரு, அந்தத் தீட்ட கழிக்கவே இல்ல. நான் தொடமாட்டேன். தொடறவங்க தொடுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பின்வாங்கியவள், அதுவரை அவன் மீனை விற்றுவந்த குப்பம்மாவேதான். வியாபாரிகளும் நகர்ந்துபோனார்கள். வெயில் ஏற ஏற நெத்திலி வயிறு வெடித்தது. காக்கை தின்றதுபோக மிச்சத்தை மணலில் புதைத்தார்கள்.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாட்களும் அப்படியே ஆயின. தணிகைவேல் பூசாரியிடம் மஞ்சள் தண்ணீர் வாங்கித் தெளித்துப் பார்த்தான். பெண்கள் அசையவில்லை. கடைசியில் மூர்த்தி, "உன் வூட்டுப் பேஜாருல என் பங்கும் நாறுது அண்ணாத்த" என்று வேறு மரத்துக்குப் போய்விட்டான். ஒற்றை ஆளாகக் கட்டுமரம் தள்ள முடியாது.

அன்று சாயங்காலம் அவன் வச்சலாவின் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இன்னா செய்யணும், சொல்லு."

"செங்கல்பட்டுல ஆம்பளைக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் பண்றாங்க. பண்ணிகினு வா. இன்னொரு தபா நான் அந்தக் கட்டில்ல படுக்கமாட்டேன்."

 அவன் விரலால் தரையைக் கீறினான். "சரி. நீயும் கூட வாயேன். எனக்குப் பயமா கீது."

"வியாபாரம் கெட்டுப்போவும். நீ தனியாப் போ. தனியாவே வா."

போனான். மறுநாள் மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் வச்சலாவும் குப்பம்மாவும் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது வந்து இறங்கினான். காலை அகட்டி அகட்டி நடந்தான். பின்சீட்டில் வந்திருப்பான்போல, முகமெல்லாம் வேர்வை. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அவளையே பார்த்தான். மீன் வாங்க வந்த பெண்கள் விஷயம் தெரிந்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

குப்பம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு வாய்த் தண்ணி குடுடி. ஆறலியா உனக்கு?"

"இன்னும் இல்லக்கா" என்றாள் வச்சலா. எதிரில் நின்ற பெண்ணிடம் சங்கரா மீனைத் திருப்பிக் காட்டி விலை சொன்னாள்.