மாமியின் டொபி டின்

மச்சாளிடம் இருக்கும் எது என்னிடம் இல்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மாமி செங்கலடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறா. அவவின் மகள், அதாவது என் மச்சாள், பார்க்கப் போனால் மாமி தலையணைக்கடியிலிருந்து ஒரு டொபி டின்னை எடுத்து அவவின் கைப்பையில் வைப்பா. அவவின் பிள்ளைகளுக்கு டொபி போகிறது, என் மகளும் பேத்திதானே என்று எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் மச்சாள் வரவில்லை; நான் மகளோடு போயிருந்தேன். "உனக்கும் பங்கிருக்கு, எடு மகள்" என்றேன். பிள்ளை டின்னைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள்.

"ஐயோ, துப்பச் சொல்லு! அது பிறஷர் குளுசை!" என்று மாமி கத்தினா.

விரலை விட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் கொண்டு ஓடினேன். நல்லகாலம், ஒன்றுமில்லை.

பிறகுதான் தெரிந்தது: டொக்டர் அவ்வப்போது மாற்றி நிறுத்தும் குளுசைகளை மாமி, இல்லத்து நேர்ஸிடம் கொடுக்காமல், மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மச்சாளிடம் அனுப்பியிருக்கிறா.

"என்னட்டத் தந்திருக்கலாமே மாமி?"

"நீ எல்லாத்துக்கும் பதறுவாய் பிள்ள. அவள் கெட்டிக்காரி."

இப்போது போனவுடன் தலையணைக்கடியைப் பார்த்து, மிஞ்சிய குளுசைகளை நேர்ஸின் பூட்டு அலுமாரிக்குக் கொடுத்துவிடுகிறேன். மாமியோ மச்சாளுக்கென்று இன்னும் ஒளித்து வைக்கிறா. அவ என்னை நம்ப நான் என்ன செய்யலாம்? அனுபவமுள்ள வாசகிகள் சொல்லுங்களேன்.