மூன்றாவது படியில் ஓர் இடம்

கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடிதடி ஆரம்பித்துவிட்டது. யார் ஜெயிப்பார்கள் என்பதில் அல்ல. உட்கார இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதில்.

ஆட்டம் எங்கள் ஆம்பூர் அணிக்கும் வாலாஜாபேட்டை அணிக்கும். நடப்பது எங்கள் ஊர் மைதானத்தில். அங்கே ஒரு பக்கம்தான் கேலரி, அதுவும் ஆறே ஆறு சிமெண்டுப் படி. எதிர்ப்பக்கம் கயிறு கட்டியிருப்பார்கள், நிற்க வேண்டியதுதான். கேலரியை ஒட்டி ஷாமியானா போட்டு நாற்காலிகள். அவை பாஸ் வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு. இந்தத் தடவை வாலாஜாவிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள் என்று ஒருவன் போட்டான். கேலரியில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றான் இன்னொருவன். அதெல்லாம் இல்லை, கமிட்டியில் என் மச்சான் இருக்கிறான், முதலில் வருபவனுக்குத்தான் இடம் என்றான் மூன்றாமவன். காலிக் கேலரியின் போட்டோ ஒன்றைப் போட்டு, எவ்வளவு இடம் பாருங்கள் என்று ஓர் அறிவாளி சமாதானம் சொன்னான். அது போன வருடம் மழையில் ஆட்டம் நின்றுபோன நாளில் எடுத்தது. தோலைச் சதுர அடியில் வாங்கி விற்கிற ஊர் எங்களுடையது. ஆகவே கட்டிங் பிரிவில் இருக்கும் ஒருவர் படிகளின் நீள அகலத்தைச் சதுர அடியாக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்து, வேஸ்டேஜுக்கும் கொஞ்சம் கழித்து ஒரு கணக்கு அனுப்பினார். அந்த வேஸ்டேஜ் யார் யார் என்று அடுத்த சண்டை.

நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை. எங்கள் இடம் எனக்குத் தெரியும். மூன்றாவது படி, நடுக்கோட்டுக்கு நேராக, பன்னிரண்டு பேர். பல வருடமாக அங்கேதான் உட்காருகிறோம். அந்த இடத்தைப் பிடித்து வைக்கிற வேலை என்னுடையது.

பிடிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெரிய ஆட்டங்கள் அஸர், அதாவது மாலைத் தொழுகை முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆட்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்துவிட்டு, பாங்கு சொன்னதும் எழுந்து பள்ளிவாசலுக்குப் போவார்கள். திரும்பி வரும்வரை இடத்துக்கு அடையாளமாக ஒரு ஷூ இருக்கும். ஜோடி அல்ல, ஒற்றை ஷூ. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுகிற சாம்பிளைக் கம்பெனியில் பெரும்பாலும் ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். வேண்டாம் என்று ஒதுக்கியவை சாம்பிள் ரூமில் மூட்டையாகக் கிடக்கும். இடத்துக்குக் கைக்குட்டை போட்டால் காற்றில் போய்விடும், தண்ணீர் பாட்டில் வைத்தால் எவனாவது குடித்துவிடுவான். ஒற்றை ஷூவைத் திருடி யார் என்ன செய்வது? அதைத் தள்ளிவிட்டு யாரும் உட்காரவும் மாட்டார்கள். தொழப் போயிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராக இருந்தாலும் வேறு இடம் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான் கிறிஸ்தவன், பாங்கு சொன்னால் எழுந்து போகிற ஆள் அல்ல. அதனால் காவல் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை மாலை அந்தச் சண்டைக்கு நடுவே என் பழைய நண்பனிடமிருந்து ஒரு வரி வந்தது. "ஞாயித்துக்கெழம எடம் இருக்கா?"

எட்டு மாதமாகக் குழுவில் ஓர் எழுத்துக்கூடப் போடாதவன்.

அவனும் நானும் ஒரே நாளில் ஷூ கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஒரு வயது மூத்தவன் என்பதால் அவனை நான் பாய் என்பேன், என்னை அவன் தோஸ்த் என்பான். மற்றபடி நீ, வா, போதான். சோல் ஒட்டுகிற லைனுக்கு அவன் சூபர்வைசர், அவனுக்குக் கீழே நான். ஓர் அவசர ஆர்டர் வந்தது. பசை தடவிய பிறகு அது காய்வதற்கு இவ்வளவு நேரம் என்று உண்டு. ஷூக்களை நகர்த்துகிற பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினால் அந்த நேரம் குறைந்துவிடும். மேனேஜர் வந்து வேகத்தைக் கூட்டச் சொன்னார். சோல் பிரிந்துவிடும் சார் என்று இவன் மறுத்தான். நான் சொல்கிறேன், கூட்டு என்றார் அவர். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. கூட்டினான். சரக்கு கடல் தாண்டிப் போய், சோல் பிரிந்து திரும்பி வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் மேனேஜர்.

விசாரணைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே அழைத்தார்கள். மேனேஜரும் உள்ளேதான் இருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். பஸ் கண்டக்டரோடு சண்டை, ரெஃபரியோடு சண்டை. மைதானத்தில் நான் கத்தினால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று கேலி செய்வார்கள். ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அந்தத் தொண்டை எங்கே போய்த் தொலையுமோ தெரியாது. நான் கவனிக்கவில்லை சார் என்றேன். அவ்வளவுதான். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்மிச் சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டு, குடும்பத்தோடு வாலாஜாவுக்குக் குடிபோனான். அவனுடைய வேலையை எனக்குக் கொடுத்தார்கள். உள்ளே என்ன சொன்னாய் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்வதற்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு போன் பேச்சும் நின்றுபோனது.

இப்போது அவன் இடம் கேட்கிறான். ஸ்டோர்ஸில் வேலை செய்யும், வாய் கொஞ்சம் நீளமான ஒருவன்தான் முதலில் பதில் போட்டான். வாலாஜா ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் கயிறு இருக்கிறதே என்று. வேலை போனால் ஊர்க்காரன் இல்லை என்றாகிவிடுமா என்று ஒருவர் கேட்டார். நம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு அவன் அவர்களுக்குக் கை தட்டினால் பேஜாராகிவிடும் என்றார் இன்னொருவர். பன்னிரண்டாவது இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமே என்று கட்டிங்காரர் சதுர அடிக் கணக்கை மறுபடி எடுத்தார். அவனும் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. நான் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "மூணாவது படி, என் பக்கத்துல. வா பாய்." அவனிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது.

அந்தக் கட்டைவிரலை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உட்காருவான், ஆட்டம் பார்ப்போம், முடிந்ததும் டீ குடிக்கப் போவோம். அங்கே வைத்து, அன்றைக்கு உள்ளே நான் சொன்னதைச் சொல்லிவிடுவேன். அடித்தாலும் சரி. அதற்கு முதலில் இந்த ஓர் இடத்தை அவனுக்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் முன்னால் போய்விட்டேன். சிமெண்டுப் படி தோசைக்கல்லாகச் சுட்டது. பதினோரு ஷூவை வரிசையாக வைத்துவிட்டு மீதி ஓர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் வலப்பக்கம் வைத்த பழுப்பு ஷூ அவனுக்கு. எங்கள் ஆட்கள் வந்தார்கள், பாங்கு சொன்னதும் பாதிப் பேர் தொழப் போனார்கள், மீதிப் பேர் டீக்கு. அதற்குள் கேலரி நிரம்பிவிட்டது. படிக்கு நடுவே கால் வைக்க இடமில்லை, மதில்மேல் எல்லாம் ஆள். நின்றவர்கள் ஷூக்களையே பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். தொழப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஆனால் எவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

தொழுகை முடிந்து ஒவ்வொருவராக வந்து உட்கார, ஷூக்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. பழுப்பு ஷூ மட்டும் மிஞ்சியது. போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அணிகள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டன. அவன் வரமாட்டான், அந்த இடத்தை யாருக்காவது விடு என்று ஸ்டோர்ஸ்காரன் முணுமுணுக்க ஆரம்பித்தான். தொட்டுப் பார் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். அப்போது எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கீழே மேனேஜர் வந்துகொண்டிருந்தார். கையில் பாஸ் இருந்தது. ஷாமியானாவில் ஏதோ அரசியல் ஆட்கள் எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்துவிட்டு மூன்றாவது படிக்கு ஏறினார். கம்பெனியில் எழுந்து நிற்பதுபோல எங்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றது. நானும்தான்.

அவர் குனிந்து பழுப்பு ஷூவை எடுத்தார். கையில் ஷூ வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். முன்பக்கம் சோல் சேருமிடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நம்ம சாம்பிள்தானேப்பா இது?"

"ஆமா சார்."

"யார் எடம்?"

தொழப் போயிருக்காங்க சார். அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருப்பார். என் வேலைக்கு ஒரு கேடும் வந்திருக்காது. அது அப்போதே எனக்குத் தெரியும். பயப்படக் காரணமே இல்லாத இடத்தில் பயந்தேன். வரிசையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருதும் இல்ல சார். ஒக்காருங்க."

ஷூவை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டேன்.

விசில் ஊதினார்கள். மேனேஜரின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஆளுக்கு எதிராகப் பச்சையான ஃபவுல் ஒன்றை ரெஃபரி கண்டுகொள்ளாமல் விட்டார். கேலரியே எழுந்து கத்தியது, நான் உட்கார்ந்தே இருந்தேன். உடம்பு சரியில்லையா என்று ஸ்டோர்ஸ்காரன் கேட்டான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், உடனே வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பு எதிர்ப்பக்கத்தில் அவனைக் கண்டேன். கயிற்றுக்குப் பின்னால் வாலாஜாக்காரர்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில், கை கட்டி நின்றிருந்தான். கையை உயர்த்தப் போனேன். பக்கத்தில் மேனேஜர் இருக்கிறார் என்று நினைவு வந்து, அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி நேரத்தில் எங்கள் அணி ஒரு கோல் அடித்து ஜெயித்தது. பந்து எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை உருவிக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓடினேன். அவன் கூட்டத்தோடு வாசலுக்கு வெளியே போய்விட்டான். வாலாஜா வேனில் கால் வைக்கப்போகிற சமயத்தில் பிடித்துவிட்டேன்.

மூச்சு வாங்க அடுக்கிக்கொண்டே போனேன். இடம் வைத்திருந்தேன், கடைசிவரை வைத்திருந்தேன், போன்கூடப் போட்டேன், நீ லேட்டாக்கிவிட்டாய், அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்துவிட்டார். அவன் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான்.

"லேட்டா வர்ல தோஸ்த். தொழுதுட்டு நேரா வந்துட்டேன். கேட்டாண்ட வந்து பாத்தா, அவர் உன்னாண்ட ஏறிக்கினு இருக்காரு. சரி, நீ இன்னா பண்றன்னு அங்கயே நின்னு பாத்துட்டு, கயித்துப் பக்கம் போய்ட்டேன்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். டீக்கடையில் சொல்ல வைத்திருந்ததை அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று, அன்னிக்கி ஆபீஸ்ல, என்று ஆரம்பித்தேன். அவன் என் தோளில் கை வைத்து நிறுத்தினான்.

"எட்டு மாசமா ஊட்ல இதே சண்ட. உன் தோஸ்த்துதான் உன்ன கவுத்துட்டான்னு என் ஊட்டுக்காரி சொல்லுவா. அவன் அந்த மாதிரி ஆளு இல்லன்னு நான் சொல்லுவேன். அன்னிக்கி என்ன வெளிய ஒக்கார வெச்சிட்டாங்க, உள்ள இன்னா நடந்துச்சின்னு நான் பாக்கல. இன்னிக்கி பாத்துட்டேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். வேன் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. அவன் ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் நெருக்கியடித்து நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள்.